1965 – 1968 இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும்: மீதி 1,200ஆ, 653.20ஆ?

மத்தியவீதிப் பேத்தி (திருகோணமலை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய நாணய மாற்று விகிதம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பொறுமையாக வாசித்துப் பதில் தாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு காணி விற்பனை இந்த ஒரு கேள்வியால் நின்றுபோயிருக்கிறது.

என் அப்பப்பா மத்திய வீதியில் கயிறு, தார், ஆணி, வள்ளத்துச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்த காலத்தில் நன்றாக நடந்த கடை. 1957இல் அவர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு மெலிந்துவிட்டது. அவருடைய பேரேடு இப்போது என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் அச்சடித்ததுபோல் இருக்கும். கணக்கில் அவர் பொய் எழுதக்கூடியவர் அல்லர்.

1965 சித்திரையில் அப்பப்பாவின் தங்கை, கணவரை இழந்தவர், மகனோடு இருப்பதற்காக வேதாரணியம் போனார். கையிலிருந்த பணத்தை எல்லாம் கொண்டுபோக அன்று சட்டம் விடவில்லை. அதனால் 3,000 ரூபாயை அண்ணனிடம் கொடுத்து, மாதாமாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதே மாதத்தில் அப்பப்பா உப்புவெளியில் 4,800 ரூபாய்க்கு ஒரு காணி வாங்கியிருக்கிறார். எந்தப் பணத்தில் வாங்கினார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

வைகாசியிலிருந்து மாதம் 50 ரூபாய் போயிருக்கிறது. முதலில் ஒரே எண்தான்: 50.00, பக்கத்தில் ‘இ’ (இந்திய ரூபாய்) என்று போட்டு மறுபடியும் 50.00. 1966 யூலையிலிருந்து 50.00க்கு எதிரே 78.40 என்று இருக்கிறது. 1967 டிசம்பரிலிருந்து 50.00க்கு எதிரே 62.80. 1968 ஏப்ரலோடு நின்றுவிட்டது. கடைசி வரியில் ‘மீதி 1,200’ என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு இழுத்திருக்கிறார்.

வேதாரணியத்தில் இருக்கும் அவருடைய பேரனோடு தொலைபேசியில் பேசினேன். அவர்களிடமும் ஒரு நோட்டு இருக்கிறதாம். அதில் வந்த பணத்தை இந்திய ரூபாயில் எழுதிக் கழித்து, மீதி 653 ரூபாய் 20 பைசா என்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் எதையும் கேட்கவில்லை. "அதெல்லாம் எப்போதோ முடிந்த கதை, விடுங்கள் அக்கா" என்றுதான் சொன்னார். ஆனால் கடனை வைத்துக்கொண்டு அந்தக் காணியை விற்க என் தகப்பனாருக்கும் எனக்கும் மனம் ஒப்பவில்லை.

நான் பிறந்தது முதல் இந்திய ரூபாய்தான் எங்கள் ரூபாயை விடப் பெரியது. 50 ரூபாய் கொடுத்து 78 இந்திய ரூபாய் வாங்கிய காலமும் உண்மையில் இருந்ததா? இருந்தது என்றால் எந்த மீதி சரி?

இன்னொன்று. 1955, 56 பக்கங்களில் நாகபட்டினத்துக் கயிறு வியாபாரியின் கணக்கில் இடப்பக்கம் 212.75 என்றும் வலப்பக்கம் 212-12-0 என்றும் இருக்கிறது. 63 சதம் எங்கே போனது?

நிலாவெளித் தம்பி எழுதியது:

அக்கா, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். 2024இல் ஓர் இந்திய ரூபாய் சராசரியாக 3 ரூபாய் 60 சதம். 653.20ஐ அதால் பெருக்கினால் ஏறக்குறைய 2,350 ரூபாய். அனுப்பிவிட்டுக் காணியை விற்றுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன் (உவர்மலை) எழுதியது:

தம்பி, 1965இல் கொடுத்த பணத்தை 2024இன் விகிதத்தால் பெருக்குவது கணக்கே அல்ல. அந்த 2,350 ரூபாயை ஒரு விதவையின் பேரனிடம் நீட்ட எவருக்கும் கை வராது.

பிள்ளை, நான் இந்த ஊரில் ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டுச் செலாவணி மேசையில் நெடுங்காலம் இருந்தவன். உங்கள் அப்பப்பாவின் பேரேட்டில் ஒரு தவறும் இல்லை. நீங்கள் எழுதிய ஒவ்வோர் எண்ணுக்கும் நாட்டு வரலாற்றில் ஒரு திகதி இருக்கிறது.

முதலில் அந்த 63 சதம். அது எங்கும் போகவில்லை. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம். இந்தியாவில் 1957 மார்ச் 31 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 12 அணா என்பது முக்கால் ரூபாய். ஆகவே 212-12-0 என்பதும் 212.75 என்பதும் ஒரே தொகை. ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். 1957 ஏப்ரல் கழிந்ததும் வலப்பக்கத்தில் அந்த இடைக்கோடுகள் மறைந்து புள்ளி வந்திருக்க வேண்டும்.

தொகை ஏன் ஒன்றாக இருந்தது? இந்திய வெள்ளி ரூபாய்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தீவின் பணம். 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்து அதன் நோட்டுகள் செல்லாக் காசாகும் நிலை வந்தபோது அரசாங்கமே நோட்டு அச்சிடத் தொடங்கியது. அந்த நோட்டும் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. 1949 செப்டெம்பரில் ஸ்டேர்லிங் பவுண் மதிப்பிறங்கியபோது இரண்டு ரூபாய்களும் கூடவே இறங்கின. டொலருக்கு 3 ரூபாய் 30 சதம் அளவில் இருந்தது 4 ரூபாய் 76 சதம் ஆனது. டொலரோடு பார்த்தால் பெரிய வீழ்ச்சி. எங்களுக்கும் இந்தியாவுக்கும் இடையில் ஒரு சதம்கூட மாறவில்லை.

1950 ஆகஸ்டில் மத்திய வங்கி தொடங்கிய பிறகு இந்திய ரூபாயோடிருந்த கட்டு சட்டப்படி அறுந்தது. ஆனால் புதிய சட்டம் நம் ரூபாய்க்கு வகுத்த பொன் அளவு 0.186621 கிராம். அன்று இந்திய ரூபாய்க்கும் அதே அளவுதான். கட்டு அறுந்தும் இரண்டும் பதினாறு ஆண்டுகள் சமமாகவே நடந்தன. உங்கள் ஏட்டில் 50.00க்கு எதிரே 50.00 என்று இருப்பது அந்தச் சமம்.

1966 யூன் 6ஆம் திகதி அது முடிந்தது. முந்தைய ஆண்டு இந்தியாவுக்குப் பாகிஸ்தானோடு போர், மழையும் பொய்த்தது, உணவுக்கே வெளிநாட்டு உதவியை எதிர்பார்க்கும் நிலை. இந்திரா காந்தி பிரதமராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. டொலருக்கு 4.76 ஆக இருந்த இந்திய ரூபாயை 7.50க்கு இறக்கினார்கள். நாங்கள் 4.76இலேயே நின்றோம். 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் 1.575. எனவே 50 இலங்கை ரூபாய் 78 ரூபாய் 75 பைசாவுக்குச் சமம். அப்பப்பாவின் ஏட்டில் 78.40 இருக்கிறது. குறைந்த அந்த 35 பைசா வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் வங்கி எடுத்துக்கொண்டது. எந்தக் காலத்திலும் அது உண்டு. அந்த ஒரு வரியைப் பார்த்தவுடனே உங்கள் ஏடு அன்றன்று எழுதப்பட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இந்த 35 பைசா தோன்றாது.

அடுத்தது 1967 நவம்பர். பிரித்தானியா பவுணை மறுபடியும் மதிப்பிறக்கியது. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் சில நாட்களில் நம் ரூபாயை 20 வீதம் இறக்கியது. டொலருக்கு 5 ரூபாய் 95 சதம். இந்த முறை இந்தியா அசையவில்லை. 7.50ஐ 5.95ஆல் வகுத்துப் பாருங்கள், 1.26 வரும். 50 ரூபாய்க்கு 63 ரூபாய் 3 பைசா. ஏட்டில் 62.80. இதிலும் வங்கியின் சில்லறை கழிந்திருக்கிறது.

பிறகு 1968 மே. வெளிநாட்டுச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற முறை அந்த மாதம்தான் வந்தது. அரிசி, மா போன்ற இறக்குமதிக்கும் தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதிக்கும் பழைய 5.95. ஏனைய பெரும்பாலானவற்றுக்கு அதன்மேல் 44 வீதம் கூடுதலாகக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். டொலர் 8 ரூபாய் 57 சதத்துக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் 50 இலங்கை ரூபாய்க்கு 44 இந்திய ரூபாயும் கிடைக்காது. அடுத்த ஆண்டு அந்த 44 வீதம் 55 ஆனது. உங்கள் ஏட்டில் பணம் நின்றது 1968 ஏப்ரலோடு. மாதத்தைக் கவனியுங்கள். அப்பப்பாவின் மீது குறை சொல்வதற்கு முன் இதை உங்கள் தகப்பனாருக்குச் சொல்லுங்கள்.

பலர் இந்தக் காலத்து விகிதத்தைத் தேடும்போது இங்கேதான் இடறுகிறார்கள். பட்டியலில் ஓர் ஆண்டுக்கு ஓர் எண்தான் போட்டிருக்கும். 1968 மே முதல் 1977 நவம்பர் வரை இலங்கையில் ஒரே நேரத்தில் இரண்டு விகிதம் இருந்தது. ஒன்றில் நம் ரூபாய் இந்திய ரூபாயை விடப் பெரியது, மற்றதில் சிறியது. எந்தக் கொடுப்பனவு, எந்த வகை என்று கேட்காமல் ‘1970இல் எவ்வளவு’ என்று கேட்டால் சரியான பதில் வராது. 1977 நவம்பரில் புதிய அரசாங்கம் இரண்டையும் ஒன்றாக்கி டொலரை 16 ரூபாயில் தொடங்கி மிதக்கவிட்டது. இந்திய ரூபாய் அன்று டொலருக்கு 8.70 அளவில் இருந்தது. அதிலிருந்துதான் நீங்கள் பிறந்தது முதல் கேட்டு வருகிற கதை ஆரம்பம்.

இப்போது மீதிக்கு வருகிறேன். விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், கடன் எந்த நாட்டுப் பணத்தில் வாங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்த அம்மா 3,000 ரூபாயைத் திருகோணமலையில், இலங்கை ரூபாயாகக் கொடுத்தார். ஆகவே கடன் இலங்கை ரூபாயில். அப்பப்பா மாதம் 50 ரூபாயாக 36 மாதத்தில் 1,800 கொடுத்தார். மீதி 1,200. இந்திய ரூபாய் இறங்கியதால் அங்கே அவர்கள் கையில் கூடுதலாக விழுந்த பணம் அவர்களுடைய அதிர்ஷ்டம். அதைக் கடனில் கழிக்கக் கூடாது. கழித்தால் என்ன ஆகும்? இந்திய அரசாங்கம் செய்த மதிப்பிறக்கத்தால் உங்கள் அப்பப்பாவின் கடன் 546 ரூபாய் தானாகவே குறைந்தது என்றாகும். நேர்மையான மனிதர் அதை ஏற்கவில்லை. அதனால்தான் இரு எண்களையும் எழுதி, 50ஐ மட்டும் கழித்தார். வேதாரணியத்து நோட்டும் பொய்யில்லை. கையில் வந்ததை அவர்கள் அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடனின் மீதி 1,200தான்.

மத்தியவீதிப் பேத்தி எழுதியது:

ஐயா, உங்கள் பதிலைத் தகப்பனாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 1968 மே என்ற இடம் வந்ததும் நிறுத்தி மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அப்பப்பா வேண்டுமென்றே நிறுத்திவிட்டார் என்ற ஒரு பேச்சு எங்கள் குடும்பத்தில் நெடுநாளாக உண்டு. அது அவரை நோக வைத்துக்கொண்டே இருந்தது. மிக்க நன்றி.

1957 ஏப்ரல் பக்கத்தையும் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வந்த முதல் வரியிலேயே 88.50 என்று புள்ளி வைத்திருக்கிறார். அதற்கு முன் வரி 140-4-0.

1,200 என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த 1,200 இன்று எவ்வளவு? வங்கி முறையில் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற வங்கிக்காரன் எழுதியது:

மாற்று விகிதம் ஒரே நாளில் இரண்டு பணத்துக்கு இடையில் உள்ள உறவு. இரண்டு காலத்துக்கு இடையில் அது ஒன்றும் சொல்லாது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 1952ஐ நூறாக வைத்துத் தொடங்கியது, அதைக் கொண்டு இன்று வரை வரலாம். அடிப்படை ஆண்டு பலமுறை மாறியிருப்பதால் கண்ணியை ஒட்டி ஒட்டித்தான் வர வேண்டும். பொன்னில் கேட்டால் உடனே சொல்வேன். 1965இல் சட்டம் ரூபாய்க்கு வகுத்த 0.186621 கிராமை 1,200ஆல் பெருக்கினால் 224 கிராம். எட்டு கிராம் பவுணாக 28 பவுண். 1967 நவம்பருக்குப் பிந்தைய அளவில் பார்த்தால் இருபத்திரண்டரைப் பவுண் அளவு. ஊர்க் கடையில் அன்று தங்கம் சட்ட விலைக்குக் கிடைக்கவில்லை, அதையும் நினைவில் வையுங்கள். 28 பவுண் என்பது உச்ச வரம்பு.

மூதூர்க் கிழக்கு எழுதியது:

நான் கணக்குப் படித்தவன் அல்லன். இரண்டு முறை அகதியாகக் கடல் கடந்தவன். அதனால் இந்த இரண்டு ரூபாயையும் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

1990இல் அம்மாவோடு மன்னார் போய், வள்ளத்தில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அப்போது டொலர் இங்கே 40 ரூபாய், இந்தியாவில் பதினேழரை. ஓர் இந்திய ரூபாய்க்கு எங்கள் 2 ரூபாய் 30 சதம். 1991இல் இந்தியாவுக்கே பண நெருக்கடி வந்து அவர்கள் ரூபாயை இறக்கினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஊர் திரும்பிய நேரம் ஓர் இந்திய ரூபாய் 1 ரூபாய் 60 சதம்தான். அம்மா முகாமில் சேர்த்துவைத்த இந்தியப் பணத்தைத் தலைமன்னார்ப் பக்கம் ஒருவரிடம் மாற்றியபோது அவர் எண்ணிக் கொடுத்ததை அம்மாவால் நம்ப முடியவில்லை. மறுபடியும் எண்ணச் சொன்னார். அவர் ஏமாற்றவில்லை, விகிதம்தான் மாறியிருந்தது. 2006இல் சண்டையில் மறுபடியும் ஓடினோம். டொலர் இங்கே 104, அங்கே 45. பழைய 2 ரூபாய் 30 சதத்துக்கே வந்து நின்றது. போகும்போதெல்லாம் எங்கள் பணம் இறங்கியிருந்தது, திரும்பும்போது அவர்கள் பணம் இறங்கியிருந்தது.

2022ஐயும் சொல்ல வேண்டும். தங்கை இன்னும் திருச்சியில்தான் இருக்கிறாள். அவள் அனுப்பும் 5,000 இந்திய ரூபாய்க்கு அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 13,500 அளவில் கிடைத்தது. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். மே மாதம் அதே 5,000க்கு 23,000க்கு மேல். அதைக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன், பணம் இருந்தும் எண்ணெய் இல்லை. சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் இது.

பேத்தி அக்கா, பவுணும் வேண்டாம், சுட்டெண்ணும் வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. காணியின் விலை 4,800. திருப்பிக் கொடுக்காத பணம் 1,200. அது சரியாகக் காற்பங்கு. அந்த அம்மாவின் பணம் எங்கும் போகவில்லை, அறுபது ஆண்டுகளாக உப்புவெளியில் காணியாகக் கிடக்கிறது. காணி என்ன விலைக்குப் போகிறதோ அதில் நாலில் ஒன்றை அவர்களுக்குக் கொடுங்கள். எந்த நாட்டு மத்திய வங்கி எப்போது எதை இறக்கியது என்ற கேள்வியே எழாது.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன் எழுதியது:

மூதூர்த் தம்பி சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வேதாரணியத்து 653.20ஐ மீதியாக எடுத்திருந்தால் பங்கு ஏறக்குறைய ஏழில் ஒன்றாகியிருக்கும். விகிதத்தின் வரலாற்றைப் பார்த்ததால்தான் அது நாலில் ஒன்று என்று நிற்கிறது. காணி விலையில் அந்த வித்தியாசம் சிறியதல்ல.

பணத்தை இங்கிருந்து அனுப்புவதானால் 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ் வங்கி ஆவணம் கேட்கும். விற்பனை உறுதி, வரி செலுத்திய பற்றுச்சீட்டு, ஏட்டின் அந்தப் பக்கங்களின் பிரதி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, விற்பதற்கு முன்பே போய்க் கேளுங்கள். விற்ற பிறகு கேட்டால் அலைச்சல்.

மத்தியவீதிப் பேத்தி எழுதியது:

தகப்பனார் காற்பங்குக்குச் சம்மதித்துவிட்டார். சொன்னவுடனே சம்மதித்தார். வேதாரணியத்துப் பேரனுக்கும் சொல்லியாயிற்று. அவர் முதலில் மறுத்தார். "உங்கள் நோட்டிலேயே மீதி என்று எழுதியிருக்கிறதே தம்பி" என்று நான் கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டார். பங்குனி உத்தரத்துக்கு நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து, கோணேசர் கோயிலுக்கும் போய்விட்டு, விற்பனை உறுதிக்குக் கையெழுத்து வைக்கும் நாளில் நொத்தாரிசு முன் கூடவே இருக்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

வங்கிக்கார ஐயா, அந்த நாளில் நீங்களும் வர முடியுமா? இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்து, 78.40 வரியிலிருந்து அந்தத் தம்பிக்கு நீங்களே விளக்க வேண்டும் என்று தகப்பனார் விரும்புகிறார்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் பிள்ளை. திகதி முடிவானதும் அறிவியுங்கள். அதற்கு முன் 1955 முதல் 1968 வரை எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள், அந்தக் கயிறு வியாபாரியின் கணக்கையும் சேர்த்து.